ஊழி உரைப்போரும் இயந்திரம் நம்புவோரும்

உலகம் மக்களால் நிறைந்துவிட்டது. இனி உணவும் நீரும் போதா. அழிவு அணித்தே நிற்கின்றது என்று உரைப்பார் ஒருசாரார். அஃது ஒருபோதும் நிகழாது. விஞ்ஞானம் எவ்விடுக்கணையும் நீக்கும். மனிதனது மதிக்கு எல்லை வகுப்பார் யாருமிலர் என்பார் மற்றொருசாரார். இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. இருநூறு ஆண்டுகட்கு மேலாக நடைபெறுகின்றது. தீர்ப்பு மட்டும் இன்னும் எழுதப்பெறவில்லை. எம் விடுதியிலும் இரவுணவு முடிந்தபின் இவ்வாதம் தொடங்கின் விளக்கணையும்வரை ஓய்வதில்லை. ஆயின் வாதிடுவோர் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் சான்றுகாட்டுவரேயன்றி, சென்னைக்கு வடபாலுள்ள இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்னும் ஊர்களை நினைப்பாரல்லர். வழக்கிற்கு வேண்டிய சான்றுகளுட் பல அவ்வூர்களிலேயே கிடக்கின்றன என்பது எம் துணிபு. அவற்றை ஒருவாறு எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஊழி உரைப்போர் கட்சியைக் காண்போம். அக்கட்சிக்குத் தலைவர் ஒரு பாதிரியார் என்பது எம்மனோர்க்குச் சிறிது வியப்பளிக்கும். மால்தஸ் என்னும் அவ்வாங்கிலேயர் 1798-ஆம் ஆண்டில் மக்கட்பெருக்கத்தைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கூற்றின் சாரம் எளிதே. மக்கட்டொகை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருக்குமுறையில் வளரும். உணவோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனக் கூட்டுமுறையிலேயே வளரும். ஆகவே எத்துணை உழுதாலும் ஒருநாள் வாய்களின் தொகை கவளங்களின் தொகையை விஞ்சும். அன்று பஞ்சமும் கொள்ளைநோயும் போரும் வந்து மிகுதியைக் கழித்து இரண்டையும் சமன்செய்யும். கணக்கு பிழையற்றதுபோல் தோன்றும். அதனாற்றான் அஃது இன்றளவும் உயிரோடிருக்கின்றது.

இம்மால்தஸ் 1805 முதல் 1834-இல் இறக்கும்வரை கிழக்கிந்தியக் கும்பினியார் நிறுவிய கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். இந்தியாவை ஆள வந்த இளைஞர் பலர் அக்கல்லூரியிற் பயின்றவரே. ஆகலின் அவர் கோட்பாடு ஏட்டில் நின்றுவிடாது கப்பலேறி இந்நாட்டுக் கச்சேரிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பயனைத் தமிழ்நாடு கண்டது 1876-ஆம் ஆண்டில்.

அவ்வாண்டில் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அவ்வற்கடத்தைத் தாது வருஷப் பஞ்சமென முதியோர் கூறுவர். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் அதனால் மாண்டவர் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டவரென ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவர். அக்காலத்துச் சென்னை மாகாண ஆளுநராகிய பக்கிங்காம் கோமகன் தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டார். வாணிகத்தில் அரசு தலையிடலாகாதென்று மேலிடம் அதனைக் கண்டித்தது. வைசிராயாகிய லிட்டன் பிரபு, இந்நாட்டு மக்கட்டொகை நிலம் விளைக்கும் உணவினும் விரைந்து பெருகும் இயல்பினது என்னும் கருத்துடையவர். அவர் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமென விதித்தார். மாகாணத்துச் சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ், வெயிலில் மண் சுமப்பவனுக்கு அவ்வளவு போதாதென்று எதிர்த்து வாதாடினார். எம் மனத்தில் இப்பகுதி ஆறாது நிற்கின்றது. பஞ்சம் வருமென்று உரைத்த நூல், பஞ்சம் வந்தபோது கைகட்டி நிற்றற்குக் காரணமாக ஆளப்பட்டது. முன்னறிவிப்பு நோக்கில் நடுநிலையுடையதுபோல் தோன்றினும், அதனைக் கையிற்கொண்டோர் நடுநிலையுடையரல்லர்.

அங்ஙனமாயின் இயந்திரம் நம்பியோர் அன்று வென்றனரா? அதுவுமில்லை. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்தினின்று வாலாஜாவை நோக்கித் திறக்கப்பெற்றது. இராயபுரத்து நிலையத்தின் தூண்களை இன்றும் காணலாம். நீராவி வண்டி ஓடும் நாட்டில், ஓரிடத்துக் குறையை மற்றோரிடத்து மிகுதி நிரப்புமாதலின், இனிப் பஞ்சமில்லையென்று அந்நாளில் பலர் எழுதினர். இருபதாண்டு கழித்துப் பஞ்சம் வந்தபோது பாதையும் இருந்தது, வண்டியும் ஓடிற்று. ஆயின் தானியம் விலை மிக்க இடத்தை நோக்கிச் சென்றதேயன்றிப் பசி மிக்க இடத்தை நோக்கிச் செல்லவில்லை. அதே ஆண்டுகளில் இந்தியக் கோதுமை இங்கிலாந்திற்குக் கப்பலேறிற்று. பஞ்சத்தில் மாள்பவர் நாட்டில் உணவின்மையால் மட்டும் மாள்வதில்லை, உணவைப் பெறும் ஆற்றலின்மையால் மாள்கின்றனர் என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் நிறுவியது இதனையே. இருப்புப்பாதை வண்டி பசித்தவன் வாயிலுக்கு அரிசி கொணரும்; அவன் கையிற் காசு கொணர அஃது அறியாது.

ஈண்டு ஒன்று சொல்லிக் கடப்போம். அக்கோமகன் பெயர் நின்ற பக்கிங்காம் கால்வாயின் வடபகுதி, சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி 1806-இல் வெட்டத் தொடங்கியது. நகரினூடே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியோ பஞ்சத்திற்கு நிவாரணமாக அந்நாளைய ஏழைகள் வெட்டியது. இக்கால்வாயைப் பின்னும் ஒருமுறை சந்திப்போம்.

தமிழிலக்கியம் பயில்வார்க்குப் பஞ்சக்கதை புதிதன்று. பாண்டிநாட்டில் பன்னிரண்டாண்டு வற்கடம் நிலவிற்றென இறையனார் களவியல் உரை கூறும். மணிமேகலை கைக்கொண்ட அமுதசுரபியோ எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். இயந்திரம் நம்புவோர் நாடுவது அத்தகைய பாத்திரமொன்றையே எனலாம். ஆயின் அக்காப்பியத்தில் வெறும் பாத்திரம் தானே சோறு சுரந்துவிடவில்லை என்பதை அவர்கள் நினைக்கவேண்டும். ஆதிரை என்னும் கற்புடையாள் தன் கையால் முதற்பிச்சை இட்டபின்னரே அது சுரக்கத் தொடங்கிற்று.

மெய்யாகவே அமுதசுரபி போன்றதொன்று விஞ்ஞானிகள் கையிற் கிடைத்த கதையை இனிக் கூறுவோம். சர் வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் 1898-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பேருரை நிகழ்த்தினார். பயிருக்கு நைட்ரஜன் சத்து வேண்டும்; உலகம் அதனைத் தென்னமெரிக்காவினின்று தோண்டியெடுக்கும் வெடியுப்பிலிருந்து பெறுகின்றது; அச்சுரங்கம் வற்றும்; வற்றினால் கோதுமை உண்ணும் நாடுகள் சில பத்தாண்டுகளிற் பசியால் வாடும் என்று அவர் அச்சுறுத்தினார். ஆனால் மால்தஸைப்போல் அச்சுறுத்தியதோடு நில்லாமல், காற்றிலேயே நைட்ரஜன் நிறைந்துள்ளது, அதனைப் பிடித்துத் தருதல் இரசாயன அறிஞர் கடன் என்று வழியும் காட்டினார். நாம் உயிர்க்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. ஆயின் அதன் அணுக்கள் இரண்டிரண்டாய் இறுகப் பிணைந்து கிடத்தலின் பயிர் அதனை உண்ணமாட்டாது. கடல் நடுவே நின்றும் குடிக்க நீரின்றித் தவிப்பவன் நிலையே பயிரின் நிலை. 1909-இல் ஜெர்மானியராகிய ஹேபர், மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் அதனை ஹைட்ரஜனோடு கூட்டி அம்மோனியாவாக்கிக் காட்டினார். போஷ் என்பார் இரும்பினைக் கிரியாவூக்கியாகக் கொண்டு அதனை ஆலையளவிற்கு வளர்த்து 1913-இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் இயக்கினார். இன்று உலக மக்களிற் பாதிப்பேர் உண்ணும் உணவு அவ்வம்மோனியாவின் உதவியாலேயே விளைகின்றதென வல்லுநர் கணிப்பர். குரூக்ஸின் அச்சம் பொய்யாயிற்று. பொய்யாக்கியது அவர் காட்டிய வழியே.

அவ்வழி எண்ணூருக்கும் வந்தது. 1966-இல் தோன்றிய மதராஸ் உரத்தொழிற்சாலை 1971-இல் மணலியில் யூரியா விளைக்கத் தொடங்கிற்று. அருகே 1969 முதல் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை இயங்கிற்று. அதனைச் சூழ்ந்து இரசாயன ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. இவை எழுந்த காலம் எத்தகையது? 1965-லும் 1966-லும் மழை தவறி இந்தியா அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி வாழ்ந்த காலம். 1966-இல் மட்டும் ஒரு கோடி டன் அளவில் தானியம் இறக்குமதியாயிற்று. தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு ஆட்சியையே மாற்றிற்று. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி ஒலித்ததை யாவரும் அறிவர். அதே ஆண்டில் அமெரிக்காவில் பேடாக் சகோதரர் இருவர், 1975-இல் உலகப் பஞ்சம் வருமென்றும், உதவியும் பயனில்லாத நாடுகளுள் இந்தியா ஒன்றென்றும் எழுதினர். போர்க்களத்து மருத்துவர் பிழைக்கமாட்டாத காயக்காரரை ஒதுக்கிவைப்பதுபோல் நம்மை ஒதுக்கிவைக்கச் சொன்னார்கள். மறுவருடம் பால் எர்லிக் என்னும் பேராசிரியர் மக்கட்பெருக்கத்தை வெடிகுண்டெனப் பெயரிட்டு ஒரு நூல் எழுதி, 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மாள்வரென்றார். தில்லி வீதியில் ஓரிரவு வாடகைக் காரிற் சென்றபோது கண்ட கூட்டமே அவர் உள்ளத்தை அங்ஙனம் திருப்பியதாம். காரினுள் இருந்து நோக்குவார்க்கு வெளியில் நிற்போர் எப்போதும் மிகையாகவே தோன்றுவர்.

நிகழ்ந்தது யாது? மத்திய அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் 1966-இல் மெக்சிகோவினின்று 18,000 டன் குட்டைக்கோதுமை விதையைத் தருவித்தார். கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அவ்வாராய்ச்சிக்குத் துணைநின்றார். தஞ்சையில் ஆடுதுறை 27 என்னும் நெல் அதே ஆண்டில் வெளிவந்து வயல்களிற் பரவிற்று. வறண்ட ஆண்டை அடிப்படையாகக் கொண்டால் கணக்கு நம் பக்கம் சாயுமாதலின், நல்ல ஆண்டாகிய 1964-65-ஐயே கொள்வோம். அவ்வாண்டு இந்தியாவில் விளைந்த உணவுதானியம் 8 கோடியே 90 இலட்சம் டன். 2022-23-இல் விளைந்தது ஏறத்தாழ 33 கோடி டன். இடையில் மக்கள் மூன்று மடங்கினும் சற்றுக் குறைவாகப் பெருகினர். தானியமோ மூன்றரை மடங்கிற்கு மேற் பெருகிற்று. மால்தஸின் கூட்டுமுறை எங்கே போயிற்றென்று இயந்திரம் நம்புவோர் கேட்டால் அவர்களைக் குறைகூற யாதுமில்லை. அவர்கள் மகிழ்ந்து கூறும் கதை இன்னுமொன்றுண்டு. ஜூலியன் சைமன் என்னும் பொருளியலறிஞர் 1980-இல் எர்லிக்கோடு பந்தயம் கட்டினார்; செம்பு, வெள்ளீயம் முதலிய ஐந்து உலோகங்கள் பத்தாண்டில் அருகி விலையேறுமா என்பதே பந்தயம். 1990-இல் ஐந்தும் மலிந்திருந்தன. எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார். வேறு பத்தாண்டைத் தேர்ந்திருப்பின் வேறாக முடிந்திருக்கலாமென்று பின்னர்க் கணக்கிட்டோரும் உளர். ஆகவே இப்பந்தயத்தை யாம் பெரிதாக மதிப்பதில்லை.

மக்கட்பெருக்கமும் குண்டுபோல் வெடிக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளிற் பெறும் மகவின் சராசரி 1971-இல் 3.9; 2020-இல் 1.4. தொகை குறையாது நிற்றற்கு வேண்டுவது 2.1. இன்று நம் மாகாணத்து அரசியலார் அஞ்சுவது மக்கள் மிகுதலையன்று. மக்கள் குறைதலால் நாடாளுமன்றத்தில் இடம் குறையுமோ என்பதையே. இம்மாற்றம் எங்ஙனம் விளைந்தது? பள்ளிக்குச் சென்ற சிறுமியராலும், பகலுணவுத் திட்டத்தாலும், கிராமந்தோறும் சென்ற செவிலியராலும், பிறந்த குழந்தை பிழைக்குமென்னும் நம்பிக்கையாலும் விளைந்தது என்பர் அறிஞர். ஊழி உரைப்போர் சொற்கேட்டு அஞ்சியோர் செய்தது வேறு. 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடி நிலையில், 1976-77 ஓராண்டிலேயே நாடெங்கும் எண்பது இலட்சம் பேருக்கு மேற்பட்டோர் கருத்தடைச் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டனர். அவருட் பலர் வற்புறுத்தலுக்கு ஆளான ஏழைகள். தாது வருஷத்திற்கும் இதற்கும் நூறாண்டு இடைவெளி. ஒரே கோட்பாடு இருமுறையும் ஒரே சாராரைத் தேடிச்சென்றது.

இதுவரை படித்தோர் யாம் இயந்திரக் கட்சியிற் சேர்ந்துவிட்டோமென எண்ணலாம். எண்ணூருக்கு வருக.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை அடுத்த வேளையில் எண்ணூர்ப் பெரியகுப்பத்துக் கடலோரத்தே நீருக்கடியிற் செல்லும் ஒரு குழாயினின்று அம்மோனியா கசிந்தது. கப்பலினின்று கோரமண்டல் உரத்தொழிற்சாலைக்கு அம்மோனியாவைக் கொண்டுசெல்லும் குழாய் அது. உறக்கத்திலிருந்த மீனவர் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். அண்டைக் குப்பங்களும் இரவோடிரவாக வெறிச்சோடின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்கைத் தானே எடுத்துக்கொண்டது, ஆலை நிறுத்தப்பட்டது, வல்லுநர் குழு குழாயை மாற்றவும் கசிவறியும் கருவிகள் அமைக்கவும் கூறிற்று. குப்பத்து மக்கள் பந்தலிட்டு அமர்ந்து பல நாள் போராடினர்.

குரூக்ஸின் ஊழியைத் தடுத்த பொருளும் அன்றிரவு பெரியகுப்பத்தில் கசிந்த பொருளும் ஒன்றே. அம்மோனியாவை நச்சென்று தள்ளுவோமாயின் நம் தட்டிற் பாதிச்சோறு இல்லை. அமுதென்று கொள்வோமாயின் அக்குழந்தைகளின் கண்ணீருக்கு விடையில்லை. தஞ்சையிலும் பஞ்சாபிலும் விளைந்த நெல்லையும் கோதுமையையும் நாடு முழுவதும் உண்டது. உரம் பிறக்குமிடத்துக் காற்றைச் சுவாசிப்போர் ஒருசில ஊரார் மட்டுமே. இலாபத்தைத் தேசக் கணக்கிலும் நட்டத்தைக் குப்பத்துக் கணக்கிலும் எழுதி, இரண்டையும் ஒருபோதும் ஒரே ஏட்டில் வையாதிருத்தலே இயந்திரக் கட்சியார் வழக்கம். மொத்தத் தொகை எப்போதும் மிகுதியாகவே காணும். காணாமற் போவது எவருடைய பங்கென்று மொத்தம் சொல்லாது.

வேறு சான்றுகளும் உள. சென்னைத் துறைமுகம் கடலினுள் கைநீட்டியது கடந்த நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில். கிழக்குக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கினின்று வடக்கு நோக்கி நகரும். துறைமுகச் சுவர் அதனைத் தடுக்கவே, தெற்கே மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் மணலிழந்து, கடல் தெருவையும் வீட்டையும் தின்றது. கரிய கற்களைக் கொட்டி இன்றும் அலையைத் தடுத்து வருகின்றனர். மாலையில் மெரினாவில் சுண்டல் தின்று நடப்போருள் எத்தனைபேர் அம்மணல் எவர் வாசலினின்று வந்ததென நினைப்பர்?

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. கடலிற் பரவிய எண்ணெய் கரைசேர்ந்து குழம்பாயிற்று. அதனை அள்ள வந்த பெரிய இயந்திரங்கள் பயன்படவில்லை. நூற்றுக்கணக்கான இளைஞரும் மீனவரும் பாறைமீது வரிசையாய் நின்று வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்வெள்ளத்தில் மணலியிலுள்ள சுத்திகரிப்பாலைப் பகுதியினின்று எண்ணெய் வெளிப்பட்டு, முன்னர் யாம் கூறிய பக்கிங்காம் கால்வாயின் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, படகையும் வலையையும் அலையாத்திச் செடியையும் கறுப்பாக்கிற்று. அப்போதும் மீனவர் படகிலிருந்து குவளையாலும் வாளியாலுமே அள்ளினர். மூன்று வாரம் கழித்து வந்ததே மேற்கூறிய அம்மோனியா. கொசத்தலையாற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த கதையை எழுதப் புகின் தனிக்கட்டுரை வேண்டும். கப்பல் கட்டவும் எண்ணெய் வடிக்கவும் அறிந்த அறிவு, சிந்தியதை அள்ளுதற்கு மட்டும் வாளியிலேயே நின்றுவிட்டது. இஃது அறிவின் எல்லையன்று. பணம் செலவிடுவோரின் எல்லை.

இனித் தண்ணீர். 2018 ஜூன் மாதத்தில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, சென்னை உள்ளிட்ட 21 நகரங்களில் 2020-க்குள் நிலத்தடிநீர் தீர்ந்துவிடுமென்றது. மறு ஆண்டே சென்னையின் ஏரிகள் வறண்டன. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கும் சேர்ந்து 11,257 மில்லியன் கனவடி கொள்ளும். 2019 ஜூனில் அவற்றில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. ஜூலை 12-இல் சோலையார்பேட்டையினின்று ஐம்பது வண்டிகளிற் குடிநீர் ஏற்றிய இரயில் வில்லிவாக்கம் வந்துசேர்ந்தது. ஊழி வந்ததென உலகப் பத்திரிகைகள் எழுதின. 2020 வந்தது, போயிற்று, நிலத்தடிநீர் தீரவில்லை. 2021 நவம்பரில் நகரம் வெள்ளத்தில் நின்றது. வாக்குப் பொய்த்ததென எள்ளுவோர்க்கு எண்ணூருக்கு வடமேற்கேயுள்ள மீஞ்சூரைக் காட்டுவோம். நகருக்காக அங்கே ஆழக்கிணறுகளினின்று இறைத்த இறைப்பினால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறிற்று. 1960-களின் இறுதியில் கரையினின்று மூன்று கிலோமீட்டர் அளவில் நின்ற உவர்ப்பு, 1980-களின் இறுதியில் ஒன்பது கிலோமீட்டர் அளவிற்குச் சென்றது. அதனை எவரும் ஊழியென்று பறையறையவில்லை. நாள் குறித்த அழிவு தவறிப்போக, நாள் குறியாத அழிவு ஓசையின்றி நடந்து முடிந்தது.

எனவே முன்னறிவிப்புகளை எங்ஙனம் எடைபோடுவது? எம் வேதாகமத்தில் இருவகை முன்னறிவிப்பாளரைக் காண்கிறோம். யோனா நினிவேக்கு நாற்பது நாளில் அழிவு என்றான், மக்கள் மனந்திரும்பினர், நகரம் பிழைத்தது, தன் வாக்கு நிறைவேறாமையால் யோனா சினந்து வெளியே சென்று அமர்ந்தான். ஊழி உரைப்போரிற் பலர் அவ்வாமணக்கு நிழலில் இன்றும் அமர்ந்திருக்கின்றனர். நகரம் பிழைத்ததே என்று மகிழ்வாரில்லை. யோசேப்போ ஏழு செழித்த ஆண்டும் ஏழு பஞ்ச ஆண்டும் வருமென்றதோடு, எவ்வளவு சேமிப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்பதையும் சொன்னான். குரூக்ஸ் யோசேப்பின் வழியினர் என்போம். 1883-இல் வகுத்த பஞ்ச விதித்தொகுப்பும், 2003-இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திற்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டமும் அவ்வகையினவே. இயந்திரக் கட்சியார் யோசேப்பின் களஞ்சியத்தைப் புகழ்வர். ஆயின் அக்களஞ்சியத் தானியத்தை விற்று எகிப்தியர் நிலத்தையெல்லாம் பார்வோனுக்கு உரிமையாக்கியவனும் அந்த யோசேப்பே என்னும் பகுதியைப் படிப்பதில்லை.

இக்காலத்து ஊழி உரைப்போரின் பெருங்குரல் வெப்பமேறுதலைப் பற்றியது. அதனை எர்லிக்கின் பேச்சோடு ஒன்றாகக் கட்டி ஒதுக்குதல் தகாது. எர்லிக் வாய்களை எண்ணினார். மனிதர் என்ன செய்வர் என்பதை ஊகித்தார். இவர்கள் காற்றை அளக்கின்றனர். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. அவ்வாயு மிகின் வெப்பம் ஏறுமென்று ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் 1896-லேயே கணக்கிட்டார். நினிவேயின் மனந்திரும்புதல் இதிலும் கூடும். அளவை பொய்யென்று சொல்லுதல் கூடாது.

எண்ணூர்ப் பகுதியிலேயே நன்மை தரும் இயந்திரம் ஒன்றில்லையா என்று கேட்போர்க்கும் விடையுண்டு. கொடுங்கையூரில் நகரத்துக் கழிவுநீரை மும்முறை தூய்மையாக்கி நாளொன்றுக்கு 4 கோடியே 50 இலட்சம் லிட்டர் நீர் தரும் நிலையம் 2019-இல் இயங்கத் தொடங்கிற்று. அந்நீர் மணலி, எண்ணூர், மீஞ்சூர் ஆலைகளுக்குச் செல்கின்றது. அந்த அளவிற்கு ஏரிநீர் குடிப்போர்க்கு மிஞ்சுகின்றது. அழுக்கை விலைப்பொருளாக்கி அண்டையாரையும் வருத்தாத இத்தகைய வேலையை யாம் மனமாரப் புகழ்வோம். கடல்நீரைக் குடிநீராக்கும் வேலை இத்துணை எளிதன்று. காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவிற்கு அமைந்த ஆலை ஒன்றுண்டு. நுண்துளைத் தகட்டினூடே கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்த, நன்னீர் ஒருபுறம் கசியும். உப்பு மிக்க எஞ்சிய நீர் மறுபுறம் தேங்கிக் கடலுக்கே திரும்பும். அழுத்தத்திற்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களினின்று வருகின்றது. அந்நிலையங்களின் சாம்பலைப்பற்றி முன்னரே குறித்தோம். நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024-இல் திறக்கப்பெற்றது. பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் அளவில் ஓர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினர். நகரம் தாகத்தால் அழியுமா, ஆலைகள் அதனைக் காக்குமா என்று எம் விடுதியார் இரண்டு இரவு வாதிட்டனர். எஞ்சிய அவ்வுவர்நீர் எக்கரையிற் சேரும், அங்கே வலைவீசுவோர் எவ்வூரார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டிலர்.